கடல் கடந்து உதவப் போகிறாயா? அப்பத்தா கேட்ட நாலு கேள்விகள்

சேலத்தில் இருந்து நாமக்கல்லுக்குப் போகிற நெடுஞ்சாலையில் இருக்கிறது, புதுச்சத்திரம்.

ஊரின் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது.

சத்திரம் என்றால் என்ன? வழிப்போக்கர்கள் தங்குகிற இடம். கால் நடையாகவும் மாட்டு வண்டியிலும் பயணம் செய்த காலத்தில், இரவு தங்கவும், ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும், பசியாறவும் வழியெல்லாம் சத்திரங்கள் இருந்தன.

சத்திரம் கட்டியவருக்கு, அங்கே வந்து தங்கப் போகிறவர் யார் என்று தெரியாது. அவர் எந்த ஊர், என்ன சாதி, என்ன பாஷை என்றும் தெரியாது. ஆனால் அவர் வருவதற்கு முன்பே கிணறு வெட்டப்பட்டு இருக்கும். திண்ணை கட்டப்பட்டு இருக்கும். அடுப்பு எரிய விறகும், உலையில் போட அரிசியும் இருக்கும். அந்தச் செலவுக்காக யாரோ ஒருவர் நிலம் எழுதி வைத்து இருப்பார்.

பசித்தவன் வந்து நின்ற பிறகு நெல் விதைத்தால் என்ன ஆகும்? முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். அதுதான் சத்திர தர்மம்.

இந்தத் தர்மம் இப்போது கடல் கடந்தும் நடக்கிறது. எங்கோ ஒரு தேசத்தில் பூகம்பம். எங்கோ ஒரு தீவில் புயல். ஆயிரக்கணக்கானவர்கள் இடிபாடுகளுக்குள் சிக்கிக் கொள்கிறார்கள். அவர்களைக் காப்பாற்ற, வேறு தேசங்களில் இருந்து டாக்டர்களும், நர்சுகளும், என்ஜினீயர்களும், மீட்புப் படையினரும் விமானம் ஏறிப் போகிறார்கள்.

அவர்களை யார் தயார் செய்கிறார்கள்? பணம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கதை நம் எல்லோருக்கும் தெரிய வேண்டிய கதை.

பேரனும் அப்பத்தாவும்

புதுச்சத்திரம் பக்கம் ஒரு வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்று வைத்துக் கொள்வோம்.

"அப்பத்தா! தூர தேசத்துல பெரிய பூகம்பமாம். ஆயிரக்கணக்குல சனங்க செத்துப் போயிட்டாங்களாம். நான் போயி உதவி செய்யப் போறேன்."

"போ சாமி, நல்ல காரியந்தான். ஆனா, அங்கே போயி நீ என்ன வேலை செய்வே?"

பேரன் யோசித்தான்.

"சோத்துக்கு என்ன பண்ணுவே? எங்கே படுப்பே?"

பேரன் தலையைச் சொறிந்தான்.

"வழிச் செலவுக்கு ஆரு பணம் கொடுப்பாங்க?"

பேரன் பேசவில்லை.

"நீ இல்லாத நாள்ல இந்த வீட்டை ஆரு பார்ப்பாங்க?"

பேரனுக்கு அப்பத்தாவின் மீது கோபம் வந்தது. "நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறாளே!" என்று நினைத்தான்.

ஆனால் அப்பத்தா குறுக்கே நிற்கவில்லை. பள்ளிக்கூடம் போகாத அந்தக் கிழவி கேட்ட அதே நாலு கேள்விகளைத்தான், இன்று ஐக்கிய நாடுகள் சபையும், உலக சுகாதார நிறுவனமும் கேட்கின்றன. பதில் சொல்ல முடியாதவர்கள் வராமல் இருப்பதே உதவி என்றும் சொல்கின்றன!

ஒவ்வொரு கேள்வியாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: என்ன வேலை தெரியும்?

2010-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி, ஹெய்ட்டி என்ற ஏழை நாட்டில் பயங்கரப் பூகம்பம் ஏற்பட்டது. தலைநகரமே இடிந்து விழுந்தது.

உலகம் முழுவதிலும் இருந்து உதவிக் குழுக்கள் ஓடின. நல்ல மனதோடுதான் போனார்கள். ஆனால் அவர்களில் எல்லோருமே அந்த வேலைக்குத் தகுந்தவர்களாக இல்லை. அனுபவம் இல்லாதவர்களும் போனார்கள். கை, கால்களை எடுக்கும் ஆபரேஷன்கள் நடந்தன. யாருக்கு என்ன ஆபரேஷன் நடந்தது என்ற குறிப்புக்கூடப் பல இடங்களில் சரியாக இல்லை. குழு ஊர் திரும்பிய பிறகு, அந்த நோயாளியின் புண்ணைப் பார்க்கவும் ஆள் இல்லை.

கால் இழந்தவனுக்கு, "நல்ல எண்ணத்தோடுதான் செய்தோம்" என்ற சொல் ஆறுதல் தருமா?

இதன் பிறகு உலக சுகாதார நிறுவனம் விழித்துக் கொண்டது. 2013-ம் ஆண்டு, வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்கு விதிகள் வகுத்தது. குழுக்களைத் தரம் பிரித்தது. ஆபரேஷன் செய்யும் குழு என்றால் குறைந்தது 20 படுக்கைகள் வேண்டும். ஒரு நாளைக்கு 7 பெரிய ஆபரேஷன்களாவது செய்யும் திறமை வேண்டும். இரவு பகலாக 24 மணி நேரமும் வேலை நடக்க வேண்டும். ஒவ்வொரு டாக்டரும் தம் சொந்த நாட்டில் அந்த வேலையைச் செய்ய உரிமை பெற்றவராக இருக்க வேண்டும்.

இடிபாட்டில் இருந்து ஆட்களை மீட்கும் வேலையும் அப்படித்தான். கடப்பாரையை எடுத்துக் கொண்டு ஓடினால் போதாது. தவறான இடத்தில் ஒரு கல்லை உருவினால், மேலே நிற்கும் சுவர் சரிந்து, உயிரோடு இருப்பவர்களும் நசுங்கிப் போவார்கள்.

இந்தியாவில் இதற்கென்றே 2006-ம் ஆண்டு தேசியப் பேரிடர் மீட்புப் படை அமைக்கப்பட்டது. இதன் 4-வது பட்டாளம் நம் தமிழ்நாட்டில் அரக்கோணத்தில் இருக்கிறது. இந்தப் படையின் ஒரு குழுவில் சுமார் 45 பேர் இருப்பார்கள். கட்டட வேலை தெரிந்தவர், மின்சார வேலை தெரிந்தவர், மருத்துவ உதவியாளர், மோப்ப நாய்கள் என்று எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு குழு.

ஜூலி குரைத்தது!

2023-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி துருக்கியிலும் சிரியாவிலும் பூகம்பம் ஏற்பட்டது. 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள்.

நமது மீட்புப் படையினர் 150-க்கும் மேற்பட்டோர் துருக்கிக்குப் பறந்தார்கள். இந்த உதவிப் பணிக்கு "தோஸ்த்" என்று பெயர். இந்தியிலும் துருக்கி பாஷையிலும் தோஸ்த் என்றால் நண்பன்.

காசியான்டெப் பகுதியில் ஒரு கட்டடம் இடிந்து கிடந்தது. உள்ளே யாரும் உயிரோடு இருப்பதாகத் தெரியவில்லை. நமது குழுவின் பெண் நாய் ஜூலி மோப்பம் பிடித்தது. ஓர் இடத்தில் நின்று குரைத்தது.

நிஜம்தானா? சோதிக்க, ரோமியோ என்ற ஆண் நாயையும் விட்டுப் பார்த்தார்கள். அதுவும் அதே இடத்தில் நின்று குரைத்தது.

வீரர்கள் மெல்ல மெல்லத் தோண்டினார்கள். உள்ளே 6 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரோடு இருந்தாள்!

அந்தச் சிறுமியைக் காப்பாற்றியது அன்றைய குரைப்பு மட்டும் அல்ல. அதற்கு முன் மாதக்கணக்கில் நாய்களுக்குக் கொடுத்த பயிற்சியும்தான். அந்தப் பயிற்சிக்கு ஆன செலவை யாரும் பத்திரிகையில் போடவில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் அந்தக் குழந்தை இல்லை.

இரண்டாவது கேள்வி: சோறும் படுக்கையும் எங்கே?

நாமக்கல் லாரிகளைப் பற்றி நமக்குத் தெரியும். வடநாட்டுக்கு லோடு ஏற்றிக் கொண்டு கிளம்பும் லாரியில் என்ன என்ன இருக்கும்? ஸ்டெப்னி டயர் இருக்கும். ஜாக்கி இருக்கும். தார்ப்பாயும் கயிறும் இருக்கும். சமைக்க ஸ்டவ்வும் அரிசி பருப்பும் இருக்கும்.

திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியும் அப்படியே. ஊர் ஊராகப் போய்க் குழாய்க் கிணறு தோண்டும் அந்த வண்டியோடு, தளவாடங்களை ஏற்றிக் கொண்டு துணை லாரியும் போகும்.

வழியில் வண்டி நின்றால், "எனக்கு டயர் கொடு, சோறு போடு" என்று நம் லாரிக்காரர் முன்பின் தெரியாத ஊரில் போய்க் கையேந்த முடியுமா?

உதவிக் குழுவுக்கும் இதேதான் விதி. பூகம்பம் நடந்த ஊரில் கடை இருக்காது. தண்ணீர்க் குழாய் உடைந்து இருக்கும். இருக்கிற கொஞ்சம் ரொட்டியும் தண்ணீரும் அந்த ஊர்க் குழந்தைகளுக்கு வேண்டும். வெளியில் இருந்து போகிறவர் அதில் பங்கு கேட்டால், அவர் உதவியாளர் அல்ல, இன்னொரு வாய்!

1991-ம் ஆண்டு, ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில், சர்வதேச மீட்புக் குழுக்களுக்கான அமைப்பு ஒன்று ஏற்பட்டது. பெரிய மீட்புக் குழு என்றால், ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில், இரவு பகலாக, 10 நாட்கள் வேலை செய்யும் வசதி வேண்டும் என்பது அதன் விதி. நடுத்தரக் குழு என்றால் ஓர் இடத்தில் 7 நாட்கள். அத்தனை நாளைக்கும் சாப்பாடு, தண்ணீர், கூடாரம், எரிபொருள், மருந்து எல்லாவற்றையும் குழுவே கொண்டு போக வேண்டும். ஆபரேஷன் செய்யும் மருத்துவக் குழு என்றால் 3 வாரத்துக்கு எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

ரயில் ஓட்டிய ஆஸ்பத்திரி

இது புதிய பாடம் அல்ல. 70 ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் படித்த பாடம்.

1950-ம் ஆண்டு கொரியாவில் யுத்தம். சண்டை போட இந்தியா படை அனுப்பவில்லை. காயம் பட்டவர்களுக்கு வைத்தியம் செய்ய ஒரு மருத்துவப் படையை அனுப்பியது. அதன் பெயர் 60-வது பாராசூட் மருத்துவப் படை. 300-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

அதன் தலைவர் யார் தெரியுமா? ஆற்காடு என்ற ஊர்ப் பெயரைத் தம் பெயரிலேயே தாங்கியவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர். அவர்தான் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி.ரெங்கராஜ். 1941-ம் ஆண்டிலேயே விமானத்தில் இருந்து பாராசூட் மூலம் குதித்தவர். அப்படிக் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர்.

1950 நவம்பரில் அவர்கள் கொரியாவில் போய் இறங்கினார்கள். 6 மாதத்துக்கு வேண்டிய மருந்துப் பொருள்களைக் கையோடு கொண்டு போயிருந்தார்கள். ஆனால் ஒன்று குறைவு. அவர்களிடம் வண்டிகள் இல்லை!

டிசம்பர் மாதம். கடும் குளிர். வட கொரியாவின் தலைநகரான பியோங்யாங்கில் நமது டாக்டர்கள் இருந்தார்கள். எதிரிப் படை நெருங்கி வந்தது. "உடனே ஊரைக் காலி செய்யுங்கள்" என்று உத்தரவு பிறந்தது.

வண்டி இல்லை. என்ன செய்வது? மருந்துகளையும் ஆபரேஷன் கருவிகளையும் விட்டு விட்டு ஓடினால், உயிர் பிழைக்கலாம். ஆனால் கருவி இல்லாத டாக்டர் யாருக்கு உதவ முடியும்?

தேடினார்கள். கைவிடப்பட்ட பழைய ரயில் என்ஜின் ஒன்றும் சில பெட்டிகளும் கிடைத்தன. படையில் ரயில் ஓட்டத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் என்ஜினுக்குத் தண்ணீர் வேண்டுமே!

எல்லோரும் வரிசையாக நின்றார்கள். வாளி வாளியாகத் தண்ணீரைக் கை மாற்றி என்ஜினில் ஊற்றினார்கள். சாமான்களை ஏற்றினார்கள். ரயில் கிளம்பியது. ஆற்றுப் பாலத்தைக் கடந்தது. அதன் பிறகு பாலம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது.

1951 மார்ச் 23-ந் தேதி, அமெரிக்கப் படையினர் முன்சான் என்ற இடத்தில் பாராசூட்டில் குதித்தபோது, காயம் பட்டவர்களைக் கவனிக்க ரெங்கராஜும் அவருடைய ஆட்களுமாக 12 பேர் கூடவே குதித்தார்கள். வானத்தில் இருந்து ஓர் ஆஸ்பத்திரியே இறங்கியது என்று சொல்லலாம்!

மூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்தப் படை கொரியாவில் இருந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைத்தியம் செய்தது. கொரிய நாட்டு ஏழை ஜனங்களும் அதில் அடக்கம். ரெங்கராஜுக்கு மகாவீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. பிற்காலத்தில் அவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மையை ஒழிக்கும் வேலையிலும் ஈடுபட்டார். ஒரு முறை பிறருக்காகக் கடல் கடந்தவர், மீண்டும் கடந்தார்.

அந்த 60-வது படை இப்போதும் இருக்கிறது. 2023-ல் துருக்கிக்குப் போனதும் அதே படைதான்! 99 பேர் போனார்கள். 30 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியை அமைத்தார்கள். சில நாட்களில் சுமார் 3,600 நோயாளிகளைக் கவனித்தார்கள். இந்த முறை அவர்கள் எக்ஸ்ரே கருவியையும், மின்சாரம் எடுக்க ஜெனரேட்டரையும்கூடக் கொண்டு போயிருந்தார்கள்.

உதவியே தொல்லையாகலாம்

2015-ம் ஆண்டு நேபாளத்தில் பூகம்பம் ஏற்பட்டது. காட்மாண்டு விமான நிலையத்தில் இருந்தது ஒரே ஓடுபாதை. உலகம் முழுவதிலும் இருந்து விமானங்கள் வந்து குவிந்தன. இறங்க இடம் இல்லாமல் பல விமானங்கள் வானத்தில் வட்டம் இட்டன. சில திரும்பிப் போயின. தேவை இல்லாத சாமானை ஏற்றி வந்த ஒரு விமானம் முன்னால் நின்றால், உயிர் காக்கும் மருந்தை ஏற்றி வந்த விமானம் பின்னால் நிற்க வேண்டியதுதான்.

அந்த நெரிசலிலும் நமது மீட்புப் படை 11 பேரை உயிரோடு மீட்டது. பக்கத்து நாடு, பயிற்சி பெற்ற படை, உடனே புறப்பட்டது. அதுதான் காரணம்.

நம் ஊரிலும் பார்த்தோமே! 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்த பிறகு, நாகப்பட்டினம் பக்கம் சாலை ஓரங்களில் பழைய துணிகள் மலை போல் குவிந்து கிடந்தன. உடுத்த முடியாத கிழிந்த துணிகளும் அதில் இருந்தன. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால், பிள்ளையைப் பறிகொடுத்து நின்றவர்கள் அந்தத் துணிகளைத் தொடக்கூட இல்லை. கடைசியில் அந்தக் குவியலை அப்புறப்படுத்துவதே ஒரு வேலையாகப் போய்விட்டது.

மூன்றாவது கேள்வி: பணம் யார் கொடுப்பது?

ராணுவமும் மீட்புப் படையும் போனால் அரசாங்கம் செலவு செய்கிறது. நாம் கட்டும் வரிப்பணம்தான் அது.

ஆனால் சொந்த விருப்பத்தில் தொண்டு செய்யப் போகிற டாக்டருக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

இந்திய ஜனங்களே கொடுத்திருக்கிறார்கள். அதுவும் நாம் அடிமைகளாக இருந்த காலத்திலேயே!

1912-ம் ஆண்டு துருக்கியில் யுத்தம் நடந்தபோது, டாக்டர் அன்சாரி தலைமையில் ஒரு மருத்துவக் குழு இந்தியாவில் இருந்து போயிற்று. பொதுமக்கள் கொடுத்த நன்கொடைதான் அதன் முதல்.

1938-ம் ஆண்டு சீனாவின் மீது ஜப்பான் யுத்தம் நடத்திக் கொண்டு இருந்தது. காயம் பட்டவர்களைக் கவனிக்க டாக்டர்கள் இல்லை. சீனாவில் இருந்து நேருவுக்கு வேண்டுகோள் வந்தது. அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்தவர் சுபாஷ் சந்திர போஸ். அவர் மக்களிடம் கையேந்தினார். ஜூலை மாதம் "சீன தினம்" கொண்டாடப்பட்டது. 22 ஆயிரம் ரூபாய் சேர்ந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

அந்தப் பணத்தில் மருந்தும் கருவிகளும் வாங்கப்பட்டன. செப்டம்பர் மாதம் 5 டாக்டர்கள் பம்பாயில் கப்பல் ஏறினார்கள். அவர்களில் ஒருவர் சோலாப்பூரைச் சேர்ந்த வாலிபர், டாக்டர் கோட்னிஸ். அவருடைய கதையைப் பிறகு சொல்கிறோம்.

இக்காலத்தில் "எல்லைகளற்ற மருத்துவர்கள்" என்ற சங்கம் இருக்கிறது. 1971-ம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தது. 1999-ம் ஆண்டு நோபல் சமாதானப் பரிசு பெற்றது. இதன் வருமானத்தில் பெரும் பகுதி, உலகம் எங்கும் உள்ள சாதாரண ஜனங்கள் கொடுக்கும் சிறு சிறு நன்கொடைகள்தான்.

சுனாமி வந்தபோது இந்தச் சங்கம் ஒரு காரியம் செய்தது. யாரும் எதிர்பார்க்காத காரியம். நன்கொடை வெள்ளமாக வந்து கொண்டு இருந்தது. சில நாட்களிலேயே, "சுனாமிக்காகப் போதும், இனி அனுப்ப வேண்டாம்" என்று சங்கம் அறிவித்து விட்டது!

வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்வதா? பலர் வியந்தார்கள். சிலர் கோபித்துக் கொண்டார்கள்.

ஆனால் அதில் ஓர் உண்மை இருந்தது. டெலிவிஷனில் கண்ணீரைப் பார்த்ததும் உலகமே பணத்தை அள்ளிக் கொடுக்கிறது. டெலிவிஷன் போகாத ஊரில் பசியால் வாடும் குழந்தைக்குப் பணம் இல்லை. அடுத்த ஆபத்துக்குத் தயாராக டாக்டருக்குப் பயிற்சி கொடுக்கவும், கூடாரம் வாங்கி வைக்கவும் பணம் இல்லை. ஆகவே, "நீங்கள் கொடுத்ததை வேறு ஆபத்துக்களுக்கும் பயன்படுத்தலாமா?" என்று நன்கொடை கொடுத்தவர்களையே சங்கம் கேட்டது. பெரும்பாலோர் சம்மதித்தார்கள்.

ஐக்கிய நாடுகள் சபையும் இந்தப் பாடத்தைப் படித்தது. ஆபத்து வந்த பிறகு நாடு நாடாகப் போய்க் கையேந்துவதற்குள் பல உயிர்கள் போய்விடுகின்றன. அதனால் 2006-ம் ஆண்டு முதல் ஒரு அவசர நிதியை வைத்திருக்கிறது. பணம் முன்கூட்டியே அதில் இருக்கும். ஆபத்து வந்ததும் எடுத்துக் கொடுப்பார்கள்.

இது என்ன? பழைய காலத்தில் சத்திரத்துக்கு நிலம் எழுதி வைத்தார்களே, அதேதான்!

நான்காவது கேள்வி: வீட்டை யார் பார்ப்பது?

எல்லாக் கேள்வியிலும் கடினமானது இதுதான்.

துருக்கிக்குப் போன மீட்புப் படையில் பெண் வீரர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், பிறந்து ஒன்றரை வயதே ஆன இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய். நடு இரவில் உத்தரவு வந்தது. குழந்தைகளைக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்து விட்டுக் கிளம்பினார்.

அவரை மட்டும் புகழ்ந்தால் போதாது. "நீ போய் வா, குழந்தைகளை நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்" என்று சொன்ன வீட்டாரையும் புகழ வேண்டும். அவர்களும் துருக்கிக்கு உதவியவர்கள்தான்.

அந்த இரவில் இன்னொரு சிக்கலும் இருந்தது. படையினர் பலரிடம் பாஸ்போர்ட் இல்லை! வெளிநாட்டு அலுவல் இலாகா அதிகாரிகள் இரவோடு இரவாக உட்கார்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட பாஸ்போர்ட்டுகளைத் தயார் செய்து கொடுத்தார்கள். பேனா பிடித்த அந்த அதிகாரிகளும் மீட்புப் படையினரே அல்லவா?

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கவலை. லீவு யார் கொடுப்பார்கள்? திரும்பி வந்தால் வேலை இருக்குமா?

இதற்கு ஒரு வழி கண்டவர், பீட்டர் கத்ரி என்ற ஆங்கிலேய என்ஜினீயர். 1979-ல் அவர் மலேசியாவில் வியட்நாம் அகதிகளுக்காக வேலை செய்தார். அகதி முகாமுக்குத் தண்ணீர், கக்கூஸ், பாதை எல்லாம் வேண்டும். அதைச் செய்ய என்ஜினீயர்கள் வேண்டும். உதவ விரும்பும் என்ஜினீயர்கள் நிறைய இருந்தார்கள். ஆனால் அவர்கள் பெயரும் விலாசமும் ஒரே இடத்தில் இல்லை.

ஊர் திரும்பிய அவர் 1980-ல் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். திறமை உள்ள என்ஜினீயர்களைச் சோதித்து, அவர்கள் பெயரை அதில் எழுதினார். ஆபத்து வந்தால் சில வாரங்கள் அவர்களை அனுப்பி வைக்க, கம்பெனி முதலாளிகளிடம் முன்கூட்டியே சம்மதம் பெறப்பட்டது. அந்த அமைப்பின் பெயர் ரெட்-ஆர். அது இப்போது இந்தியாவிலும் வேலை செய்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகமும், முதலாளியின் சம்மதமும் எத்தனை உயிர்களைக் காப்பாற்றும், பாருங்கள்!

திரும்பி வராத டாக்டர்

இனி டாக்டர் கோட்னிசின் கதை.

அவர் சீனாவுக்குப் போனபோது வயது 28 கூட ஆகவில்லை. அங்கே இருக்கும்போது அவருடைய தந்தை இறந்து போன செய்தி வந்தது. அவர் ஊர் திரும்பவில்லை. கூட வந்த டாக்டர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அவர் அங்கேயே தங்கி விட்டார்.

சீன பாஷையைக் கற்றார். ஒரு ஆஸ்பத்திரிக்குத் தலைவரானார். சீன நர்ஸ் ஒருவரை மணந்தார். அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. இந்தியா, சீனா என்ற இரண்டு நாடுகளையும் குறிக்கும்படி, இன்ஹுவா என்று பெயர் வைத்தார்கள்.

ஓய்வு இல்லாத உழைப்பு, சரியான ஆகாரம் இல்லாத வாழ்க்கை. நோய் பற்றிக் கொண்டது. 1942 டிசம்பர் 9-ந் தேதி டாக்டர் கோட்னிஸ் காலமானார். அப்போது அவருக்கு வயது 32.

சீனாவில் அவருக்குச் சிலை வைத்து இருக்கிறார்கள்.

அவருடைய தியாகத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் இன்றைய விதிகள் ஏன் வந்தன என்பதையும் அவர் கதை சொல்கிறது. இன்று அப்படிப் போகிறவர்களுக்குத் தடுப்பு ஊசி போடுகிறார்கள். இன்சூரன்ஸ் செய்கிறார்கள். சில வாரங்களிலோ, சில மாதங்களிலோ ஆளை மாற்றுகிறார்கள். காரணம், உதவப் போகிற உயிரும் ஓர் உயிர்தான். அதுவும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான்.

புதுச்சத்திரத்தில் இருந்தே தொடங்கலாம்

"இதெல்லாம் பெரிய இடத்துச் சமாசாரம். நமக்கு என்ன?" என்று நினைக்கலாம். அப்படி நினைக்க வேண்டாம்.

கடல் கடந்து உதவப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் தம் ஊரில் உதவிப் பழகியவர்கள்தான். பள்ளிக்கூடங்களில் ஜூனியர் ரெட்கிராஸ் இருக்கிறது. பிள்ளைகளை அதில் சேர்க்கலாம். பேரிடர் காலத்தில் உதவ, "ஆப்த மித்ரா" என்ற திட்டத்தில் பல மாவட்டங்களில் சாதாரண ஜனங்களுக்கு 12 நாட்கள் பயிற்சி கொடுக்கப்பட்டிருக்கிறது. முதல் உதவி, வெள்ளத்தில் மீட்பு எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். வாய்ப்பு வரும்போது வாலிபர்கள் தவற விடக் கூடாது.

தொழில் தெரிந்த எவரும் இதற்கு வேண்டும். டாக்டர், நர்ஸ் மட்டும் அல்ல. தண்ணீர் இல்லாத முகாமில் கிணறு தோண்டத் தெரிந்தவர் வேண்டும். உடைந்த சாலையில் லாரி ஓட்டத் தெரிந்தவர் வேண்டும். ஜெனரேட்டரைப் பழுது பார்ப்பவர் வேண்டும். ஆயிரம் பேருக்குச் சமைக்கத் தெரிந்தவர் வேண்டும். நாமக்கல் சீமையில் இவர்களுக்குப் பஞ்சமா?

பணம் கொடுக்கிறவர்கள், கண்ணீரைப் பார்த்த அன்று மட்டும் கொடுக்காமல், மாதம் ஒரு சிறு தொகை என்று எடுத்து வைத்துக் கொடுத்தால் நல்லது. எதற்கு என்று கட்டிப் போடாமல் கொடுத்தால் இன்னும் நல்லது. பழைய துணி மூட்டையை விட அது ஆயிரம் மடங்கு பயன்படும்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கியது. நமது மீட்புப் படையினர் 80 பேர் உடனே அங்கே போனார்கள். ராணுவத்தின் ஆஸ்பத்திரியும் போயிற்று. 2004-ல் சுனாமி நம்மையும் சேர்த்து அடித்த அன்றுகூட, நமது கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் உதவி கொண்டு புறப்பட்டன. நம் வீட்டில் துக்கம் இருக்கும்போதே அடுத்த வீட்டுக்கும் ஓடினோம். எப்படி முடிந்தது? கப்பல் தயாராக இருந்தது. ஆள் தயாராக இருந்தார்கள்.

அப்பத்தாவிடம் திரும்புவோம்.

பேரன் கோபித்துக் கொண்டு திண்ணையில் உட்கார்ந்து இருக்கிறான். அப்பத்தா பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

"சாமி, நான் போகாதேன்னு சொல்லலே. முதல்ல ஒரு வேலையை நல்லாக் கத்துக்க. அப்புறம் போ. நீ போற அன்னிக்குக் கட்டுச் சோறு நான் கட்டித் தாரேன். வீட்டை நான் பார்த்துக்கறேன்."

நாலு கேள்விகளில் இரண்டுக்கு அப்பத்தாவே பதில் சொல்லி விட்டாள். மீதி இரண்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள், பேரனும் நாமும்தான்.